குப்த கோதாவரிக் குகைக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

தாண்டிக்குடியிலிருந்து எழுதியிருக்கும் அன்பருக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடி அமாவாசையை ஒட்டிக் காசி, பிரயாகை, சித்திரகூடம் என்று குடும்பத்தோடு யாத்திரை கிளம்புகிறீர்கள். 68 வயதான உங்கள் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சித்திரகூடத்துக்கு அருகிலுள்ள குப்த கோதாவரிக் குகையில் தண்ணீருக்குள் நடந்துபோய்த்தான் தரிசிக்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு ஆசை, உங்களுக்குத் தயக்கம். கூடவே, நாசிக் பக்கம் பிறக்கும் கோதாவரி அங்கே எப்படி வந்தது, ஐவர்மலையில் நாம் பார்க்கும் சுனைக்கும் அந்தக் குகை ஓடைக்கும் என்ன வேறுபாடு, அந்தத் தண்ணீரைத் தீர்த்தமாகக் குடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் கேள்வி, அந்தத் தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டால் எந்த மாதம் போவது, அம்மாவை எதுவரை அழைத்துச் செல்வது, தீர்த்தத்தை என்ன செய்வது என்பதெல்லாம் தெளிந்துவிடும்.

நான் நிலத்தடி நீர் ஆய்வில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழனி, ஒட்டன்சத்திரம், கீழ்மலைக் கிராமங்கள் ஆகிய இடங்களில் கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இடம் பார்த்துக் கொடுத்ததே என் பணியில் பெரும்பகுதி. குப்த கோதாவரிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை தை மாதத்தில் என் மாமியாரோடு, மற்றொரு முறை ஆவணியில் தனியாக. பாறையையும் தண்ணீரையும் பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். முழங்காலைப் பற்றி அம்மாவைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதில் நான் கண்ணால் கண்டதை மட்டுமே சொல்கிறேன்.

குப்த கோதாவரி இருப்பது மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்தில், சித்திரகூட நகரிலிருந்து ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவில், விந்தியப் பாறைகளின் வடக்கு விளிம்பில். அங்குள்ள பாறை சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் சேர்ந்தது. திரோகான் என்ற அவ்வட்டாரத்து ஊர்ப்பெயரால் புவியியலார் அதைக் குறிப்பிடுகிறார்கள். மிகமிகப் பழைய பாறை. சித்திரகூடத்தில் நீங்கள் கட்டாயம் போகப்போகும் ஜானகி குண்டத்துப் பகுதிப் பாறைகளிலிருந்துதான், 160 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, சிவப்புப் பாசியை ஒத்த உயிரிகளின் புதைபடிவங்களை ஆய்வாளர்கள் 2017இல் அறிவித்தார்கள். மந்தாகினி ஆற்றங்கரையில் இறங்கும்போது பாறையைக் குனிந்து பாருங்கள். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தது போன்ற வளைய வளையமான வரிகள் தென்பட்டால், அவை ஆதியில் ஆழமற்ற கடலில் பாசிப் படலங்கள் அடுக்கடுக்காக வளர்ந்த தடங்கள்.

இந்தப் பாறைக்கு உள்ள குணம், அது தண்ணீரில் கரையும் என்பது. மழைநீர் வானிலிருந்து இறங்கும்போதே கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் வேர்களும் மட்கும் இலைகளும் வெளிவிடும் வாயுவைச் சேர்த்துக்கொண்டு இன்னும் சற்றுப் புளிப்பேறுகிறது. நாக்குக்குத் தெரியாத அந்தப் புளிப்பு, பாறையின் மயிரிழை வெடிப்புகளில் இறங்கி, ஆயிரமாயிரம் ஆண்டுகளில் அவற்றை விரல் அகலமாக, முழ அகலமாக, கடைசியில் ஆள் நுழையும் அகலமாகக் குடைந்துவிடுகிறது. குடைந்த வழியே தண்ணீருக்கு வாய்க்காலாகிறது. குப்த கோதாவரியில் நீங்கள் நடக்கப்போவது அப்படித் தண்ணீர் தானே வெட்டிக்கொண்ட வாய்க்காலுக்குள்தான்.

நம் மலையில் இது நடக்காது. பழனி மலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கருநீலக் கடும்பாறையால் ஆனவை. (கொல்கத்தாவில் உள்ள ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893இல் ஹாலந்து என்ற புவியியலார் இட்ட பெயர் அது; அந்தக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல்.) சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுறுசுறுவென்று நுரைக்கும், சார்னோகைட்டில் விட்டால் அந்தச் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். கரையாத பாறையில் தண்ணீர் சுரங்கம் குடைய முடியாது. இருக்கிற வெடிப்புகளில் ஒடுங்கிக் கிடந்து கசியத்தான் முடியும். ஆகவே நம் பக்கத்துக் குகைகள் எல்லாம் பாறைப் பிளவுகள் அல்லது பாறை நிழல்கள். கொடைக்கானலில் குணா குகை என்று சொல்கிறோமே, அதுவும் பெரும்பாறைகளுக்கு இடைப்பட்ட ஆழ்பிளவுதான். பழனிக்கு மேற்கே பாப்பம்பட்டிப் பக்கம் உள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792, அதாவது 870ஆம் ஆண்டுக்குரிய வரகுண பாண்டியன் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கும் இடம், இயற்கையாகக் கூரைபோல் நீண்டு நிற்கும் ஒரு பாறையின் நிழல். அங்குள்ள சுனை, மழைநீர் வெடிப்புகளில் புகுந்து மெல்லக் கசிந்து பாறைக் குழியில் தங்குவது.

நீங்கள் "நிலத்தடி ஆறு" என்று எழுதியிருந்த சொல்லில் இன்னொரு கருத்தும் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. நம் ஊர்களில் போர் போடுவதற்கு முன் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நீரோட்டம் பார்ப்பது வழக்கம். தேங்காய் எழுந்து நின்றால் அடியில் ஆறே ஓடுகிறது என்பார்கள். நூற்றுக்கணக்கான போர்களுக்கு அருகில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: துளையிடும் இயந்திரமான ரிக் இறங்கும்போது முதலில் செம்மண் வரும், பிறகு உளுத்த பாறை வெளுப்பாக வரும், அதற்குப் பின் கடும்பாறைத் தூள் சிமெண்ட் மாவைப் போலப் புகைந்து வந்துகொண்டே இருக்கும். அந்தத் தூள் ஒரு கணத்தில் ஈரமாகி, அடுத்த கணம் சேறாகத் தெறித்தால், ஒரு வெடிப்பைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். அந்த வெடிப்பு பெரும்பாலும் விரற்கடை அகலம்கூட இருக்காது. அதைத்தான் நாம் ஆறு என்கிறோம். உண்மையிலேயே ஆறு போல ஓடும் நிலத்தடி நீரைக் காண வேண்டுமானால் சுண்ணாம்புப் பாறை நாட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வகையில் உங்கள் அம்மாவின் ஆசை மிக நியாயமானது. அவர் காண விரும்புவது நம் மலையில் எங்கும் கிடைக்காத காட்சி.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் உங்கள் பயணத் தேதிக்கான விடை வருகிறது. நம் மலையில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை, மண்ணிலும் வெடிப்பிலும் நின்று நின்று, தை, மாசி வரைக்கும் ஊற்றுகளில் வந்துகொண்டிருக்கும். சுண்ணாம்புப் பாறையிலோ, ஒரு பகுதி நீர் நுண்ணிய வெடிப்புகளில் தங்கி ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வந்தாலும், பெருமழை பெய்தால் திறந்த வழிகளின் வழியே சில மணி நேரத்தில் குகைக்குள் இறங்கிவிடும். குகை வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே குன்றின் மறுபுறம் பெய்த மழை உள்ளே பெருகும். அந்தப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழைதான் மழைக்காலம். ஆனியிலிருந்து புரட்டாசி வரை கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு ஆடியில் காற்றும் சாரலும்தான் என்பதால், யாத்திரை ஏற்பாடு செய்கிற நம்மவர்கள் அந்த மாதத்தை வெள்ளத்தோடு சேர்த்து நினைப்பதே இல்லை. அதே ஆடி அமாவாசை அங்கே சிராவண அமாவாசை. ஒவ்வோர் அமாவாசைக்கும் சித்திரகூடத்தில் காமத்கிரி என்னும் குன்றை வலம்வரப் பெருங்கூட்டம் சேரும். ஆக, தண்ணீரும் கூட்டமும் ஒன்றாக ஏறும் நாளை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நான் ஆவணியில் போனபோது தண்ணீர் ஓடும் குகையை அடைத்திருந்தார்கள். உள்ளிருந்து வந்த நீர் தேநீர் நிறத்தில், சருகும் சுள்ளியுமாக இரைந்துகொண்டு வந்தது. 18 கி.மீ. போய் வாசலோடு திரும்பியவர்கள் பலருக்கு வருத்தம். அடைத்தது முழுக்கச் சரி என்றே நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

எனவே பயணத்தைக் கார்த்திகை பிற்பகுதிக்கும் மாசிக்கும் இடையில் மாற்றிக்கொள்ளும்படி அழுத்தமாகச் சொல்கிறேன். முன்னோர் கடனுக்காகத்தான் ஆடி அமாவாசை என்றால் அதை ஐவர்மலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நம் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அன்று அங்கேதான் திதி கொடுக்கின்றன. தை அமாவாசைக்கு மாற்றலாமே என்று உடனே தோன்றும். அது வடக்கே மௌனி அமாவாசை. பிரயாகையில் ஆண்டின் மிகப் பெரிய நீராட்டுக் கூட்டம் அன்றுதான். அமாவாசை கழிந்து ஐந்தாறு நாள் விட்டு, வார நாள் ஒன்றில், காலையில் குகை திறந்ததும் முதல் ஆட்களாகப் போகும்படி திட்டமிடுங்கள். பிரயாகையிலிருந்து சாலை வழியே மூன்று, நான்கு மணி நேரம். ரயிலில் போனால் இறங்க வேண்டிய நிலையம் சித்திரகூட் தாம் கர்வி. மார்கழி, தையில் அங்கே குளிர் கடுமைதான், ஆனால் தாண்டிக்குடிக்காரர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. குகைத் தண்ணீர் அந்த மாதங்களில் காலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். பாறைக்குள் இருக்கும் நீர் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே ஆண்டு முழுவதும் நிற்பதால், வெளியே குளிரும்போது சூடாகவும், வெயிலில் குளுமையாகவும் தோன்றுகிறது.

இனி அம்மாவைப் பற்றி. அங்கே குகைகள் இரண்டு. முதலில் படியேற வேண்டும். முதல் குகைக்கு வாயில் மிகக் குறுகல். ஒருக்களித்து நுழைந்தால் உள்ளே உயர்ந்த கூரையோடு மண்டபம் போல விரிகிறது. இரண்டாவது குகைதான் நீண்டு, ஒடுங்கி, அடியில் ஓடை ஓடுவது. இராமரும் இலக்குவரும் கொலுவிருந்ததாகச் சொல்லப்படும் ஆசனம் போன்ற இரண்டு பாறைகள் இதில்தான் இருக்கின்றன. வறண்ட மாதங்களில் தண்ணீர் கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை இருக்கும். எந்த நாளில் எந்த அளவு என்பதை அன்றைக்கு வாசலில் நிற்பவர்தான் சொல்ல முடியும், முன்கூட்டி யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். மின்விளக்கு உண்டு என்றாலும் நடப்பவர்கள் கலக்கிய நீரில் தரை தெரியாது.

என் மாமியாருக்கு அப்போது 66 வயது. முதல் பத்தடி அவர் சிறு பிள்ளையைப் போல மகிழ்ச்சியோடு நடந்தார். எதிரே திரும்பி வந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்ட இடத்தில், தண்ணீருக்குள் மேடாக இருந்த கல் ஒன்றில் கால் இடறி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை சிராய்த்ததோடு போயிற்று. அன்று நான் செய்த தவறு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தது. அந்த ஒடுக்கத்தில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கக் கூடாது. ஒருவர் முன்னால் காலால் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போக, அம்மா அவர் தோளில் கை வைத்துப் பின்தொடர, இன்னொருவர் பின்னால் வர வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்த வேண்டும். நூல் சேலை நனைந்தால் கனத்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய சிந்தெடிக் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்வது நல்லது. கையில் சிறிய டார்ச் ஒன்று இருக்கட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்குமானால், வெறுங்காலோடு அந்தத் தண்ணீருக்குள் போகவே வேண்டாம். ஒரு மாடிப்படியைக் கைப்பிடியோடு நிற்காமல் ஏறி இறங்க முடிகிறது, ஒற்றைக் காலில் சில வினாடி நிற்க முடிகிறது என்றால் முயலலாம். முடியவில்லை என்றால் முதல் குகையோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த அளவுகோல் என் அனுபவத்திலிருந்து நானே வைத்துக்கொண்டது. மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்லே சரி.

வறண்ட மாதத்திலும் உள்ளே போனதும் சிலவற்றைக் கவனியுங்கள். சுவரில் தலைக்கு மேலே சருகோ சுள்ளியோ ஒட்டியிருந்தால், தண்ணீர் எப்போதோ அந்த உயரம் வரை வந்திருக்கிறது. தெளிந்து ஓடிய நீர் யாரும் நடக்காமலே கலங்கினாலும், உட்புறத்திலிருந்து வரும் இரைச்சல் மாறினாலும், உடனே திரும்பிவிட வேண்டும். சன்னிதிக்கு இன்னும் நாலடிதான் என்று நினைக்கக் கூடாது. முந்தின நாள் அந்தப் பக்கம் எதிர்பாராத மழை பெய்திருந்தால் அன்றைய பயணத்தையே ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

கோதாவரியைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் உறுதியானது எது, நம்பிக்கைக்கு உரியது எது என்று பிரித்தே சொல்கிறேன். கோதாவரி நாசிக் மாவட்டத்துத் திரியம்பகத்தில் பிரம்மகிரியில் தோன்றி, 1,465 கி.மீ. கிழக்கே ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றுக்கும் சித்திரகூடத்துக்கும் இடையில் சாத்பூரா மலையும், நர்மதையின் ஆழ்ந்த பள்ளத்தாக்கும், விந்தியமும் குறுக்கே கிடக்கின்றன. பூமிக்கடியில் வந்தாலும் தண்ணீர் பள்ளத்தில் இறங்கி மறுபடி மலையேறாது. ஆகவே குகையில் ஓடுவது அந்தக் குன்றின்மேல் பெய்த மழைதான். அது இயல்பாகச் சேர வேண்டிய வடிநிலமும் மந்தாகினி, யமுனை வழியாகக் கங்கையுடையது. இதில் ஐயமில்லை. குன்றின் எந்தப் பகுதியில் விழும் மழை எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது வேறு கேள்வி. அதைச் சாயம் கலந்துவிட்டு எங்கே, எப்போது வெளிவருகிறது என்று பார்த்தே தீர்மானிக்க முடியும், வெளியே நின்று ஊகிக்க முடியாது.

தலத்து நம்பிக்கையோ, இராமரைத் தரிசிக்கக் கோதாவரித் தாய் யாருக்கும் தெரியாமல் இங்கே வந்தாள் என்கிறது. குப்தம் என்றால் மறைவு. வனவாசத்தில் சித்திரகூடம் முன்னால், கோதாவரிக் கரைப் பஞ்சவடி பின்னால். பின்னாளில் தன் கரையில் வந்து தங்கப்போகிறவரைக் காணப் பொறுக்காமல் ஆறே முன்கூட்டி வந்துவிட்டது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த எண்ணம் அது. பிரயாகையில் சரசுவதியை அந்தர்வாகினி, அதாவது உள்ளே மறைந்து ஓடுபவள், என்கிறோம், நம் பவானி கூடுதுறையில் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியை மூன்றாவதாக வணங்குகிறோம். அங்கெல்லாம் நாம் ஆற்றின் வரைபடத்தைக் கேட்பதில்லை. அம்மாவிடம் இது கோதாவரி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை; ஆனால் கோதாவரி என்பதால் எந்தக் காலத்திலும் ஒரே அளவாக ஓடும் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது.

குடிக்கலாமா என்ற கேள்விக்கு விடை, வேண்டாம் என்பதே. மணலிலும் உளுத்த பாறையிலும் ஊறி வரும் நீர் ஓரளவு வடிகட்டப்படுகிறது. சுண்ணாம்புக் குகையின் திறந்த வழிகளில் வடிகட்ட எதுவுமில்லை. மேலே மேய்ச்சல் நிலத்தில் கிடப்பதும் உள்ளே வௌவால் எச்சமும் அப்படியே வந்து சேரும். அதற்கு மேல், ஆயிரக்கணக்கானோர் கால் வைத்து நடந்த நீர் அது. தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் முகத்தில் ஒற்றிக்கொள்ளுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் நனைக்காமல் இருப்பது நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்து பூசையில் வைப்பதானால் மூடிய செம்பில் வையுங்கள். உறவினர்களுக்குக் குடிக்கக் கொடுத்தே தீர வேண்டும் என்றால், நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றிக் கொடுங்கள்.

அப்படிக் கொதிக்க வைக்கும்போது பாத்திரத்தின் அடியிலும் நீரின் மேற்பரப்பிலும் மெல்லிய வெள்ளை ஏடு படிவதைக் காண்பீர்கள். அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மலையிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்புதான் அது. உங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீரையும் அதே அளவு எடுத்துப் பக்கத்து அடுப்பில் கொதிக்க வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றும் படியாது. நம் மலைத் தண்ணீரில் சோப்பு போட்டால் அது கையை விட்டுப் போக மறுப்பதற்கும், அதில் சுண்ணாம்பு இல்லாததே காரணம்.

கடைசியாக, அன்றைக்கு அம்மாவால் இரண்டாவது குகைக்குள் போக முடியாமல் போனாலும் அவர் ஏமாற்றத்தோடு திரும்ப வேண்டியதில்லை. குகையிலிருந்து வரும் ஓடை வெளியே ஒரு குண்டத்தில் விழுந்து, அதன்பின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. உள்ளே சன்னிதியைக் கடந்து வரும் அதே நீர்தான் அது. நீங்கள் உள்ளே போய்வரும்வரை ஒருவரைத் துணைக்கு வைத்து அம்மாவை அங்கே கரையில் உட்கார வையுங்கள். காலை நீட்டி நீரில் வைத்துக்கொள்ள அங்கே வசதி இருக்கிறதா என்பதை முதலில் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து அழைத்துச் செல்லுங்கள்.